குடம்புளி கேப்சூல் 799 ரூபாய்: காசுக்குத் தகுமா?

நெல்லைச்சீமை

எடை குறைக்கும் என்று விற்கிற குடம்புளி கேப்சூல் டப்பா ஒன்றில் இருப்பதை அப்படியே தட்டச்சு செய்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், இதே மாதிரி முப்பது கம்பெனி விற்கிறது.

முன்பக்கம்: கார்சீனியா கம்போஜியா (குடம்புளியின் தாவரப் பெயர்) 1500 மி.கி., 60% எச்.சி.ஏ. (குடம்புளியில் இருக்கும் அமிலம்). பின்பக்கம்: ஒரு வேளை அளவு 2 கேப்சூல். அதில் குடம்புளிச் சாறு 1500 மி.கி., கிரீன் டீ சாறு 200 மி.கி., கிரீன் காபி சாறு 100 மி.கி., பைப்பரின் 5 மி.கி. மொத்தம் 60 கேப்சூல், நிகர எடை 42 கிராம். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. 14 இலக்க லைசென்ஸ் எண் உண்டு, 100ல் தொடங்குகிறது. "ஜி.எம்.பி. சான்று", "எஃப்.டி.ஏ. அங்கீகாரம்" என்று இரண்டு முத்திரை. ஒரு டப்பா 799, மூன்று சேர்த்து எடுத்தால் 1,999. இணையத்தில் 4.3 நட்சத்திரம்.

தகுமா, தகாதா? எதை வைத்து முடிவு செய்வது?

தராசுமுள்

நட்சத்திரத்தை விடுங்க, நிகர எடையைப் பாருங்க. கால்குலேட்டர் எடுத்தா ரெண்டு நிமிஷ வேலை.

42 கிராமை 60ஆல் வகுத்தா ஒரு கேப்சூல் 700 மி.கி. ரெண்டு கேப்சூல் 1400 மி.கி. ஆனா பின்பக்கப் பட்டியலைக் கூட்டுங்க: 1500 + 200 + 100 + 5 = 1805. ரெண்டு கேப்சூலோட மொத்த எடையே 1400 இருக்கும்போது உள்ளே 1805 மி.கி. சரக்கு எப்படி அடங்கும்? இதுக்கு மேல கேப்சூல் ஓடு வேற. பெரிய சைஸ், அதாவது டபுள் ஜீரோ ஓடு, வெறும் ஓடே 120 மி.கி. பக்கம் வரும். அதையும் சேர்த்துத்தான் 42 கிராம்னா சரக்கு ஒரு கேப்சூலுக்கு 580 தான்.

டபுள் ஜீரோவோட கொள்ளளவு ஒரு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. தழைச்சாறுத் தூளை அழுத்தி அடைச்சாலும் 700, 750 மி.கி.க்கு மேல ஏத்துறது கஷ்டம். அதுக்கு அடுத்த ஜீரோ சைஸ்ல 500 பக்கம். அதனால "ஒரு கேப்சூல்ல 1500 மி.கி." மாதிரி எங்கயாவது பாத்தீங்கன்னா அங்கயே கீழ வச்சிடுங்க. முன்பக்கம் 1500னு பெருசா போட்டு, பின்பக்கம் "2 கேப்சூலுக்கு"னு பொடி எழுத்துல போடுறது ஊரறிஞ்ச வித்தை. இந்த டப்பா அந்த வித்தையையும் தாண்டிப் போயிருக்கு, தன் கணக்கே தனக்கு ஒத்துவரல.

சுக்குக்கஷாயம்

இவ்வளவு நோண்டணுமா? நாட்டு மருந்துங்க. கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்துலயும் மீன்குழம்புல காலங்காலமா போடுற சாமான். நாலாயிரம் பேர் நல்லாருக்குன்னு எழுதியிருக்கான்.

வேதிக்கூடம்

சமையலில் இருப்பதும் கேப்சூலில் இருப்பதும் ஒன்றா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த எச்.சி.ஏ. என்ன செய்யும் என்று சொல்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்பதன் சுருக்கம் அது. குடம்புளித் தோலின் முக்கியமான அமிலம் அதுதான் என்று 1965ல் அடையாளம் காட்டியவர்கள் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும். நம் பக்கத்துக் கண்டுபிடிப்பு. சாப்பிட்ட மாவுச்சத்து மிஞ்சினால் உடம்பு அதைக் கொழுப்பாக மாற்றுகிற வழியில் ஒரு நொதி உண்டு, அதை எச்.சி.ஏ. தடுக்கிறது. எலிகளில் நன்றாகவே வேலை செய்தது. மனிதனிடம் ஏன் செய்யவில்லை? நாம் சாதாரணமாகச் சாப்பிடும் கலவைச் சாப்பாட்டில் மாவுச்சத்திலிருந்து புதிதாகக் கொழுப்பு உண்டாவது மிகக் குறைவு. வயிற்றில் சேரும் கொழுப்பில் பெரும்பங்கு எண்ணெயாகவும் நெய்யாகவும் உள்ளே போனதுதான். பூட்டுப் போட்ட கதவு வழியாக அதிகம் ஆள் நடமாட்டமே இல்லை.

1998ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த சோதனையைப் பாருங்கள். 135 பேர், 12 வாரம், நாளைக்கு 1500 மி.கி. எச்.சி.ஏ. (50% சாறு, 1000 மி.கி. வீதம் மூன்று வேளை.) எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாட்டுச் சாப்பாடு. முடிவில் எச்.சி.ஏ. எடுத்தவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்தார்கள், போலி மாத்திரை (மருந்தே இல்லாத, ஒப்பிடுவதற்கான மாத்திரை) எடுத்தவர்கள் 4.1 கிலோ. போலி மாத்திரைதான் ஜெயித்தது என்று கொண்டாட வேண்டாம், அந்த வித்தியாசம் புள்ளியியல்படி கணக்கில் வராது. இரண்டு பக்கமும் குறைந்ததற்குக் காரணம் சாப்பாடு.

2011ல் பல சோதனைகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்ததில் எச்.சி.ஏ. பக்கம் 0.88 கிலோ கூடுதலாகக் குறைந்தது என்று வந்தது. அதிலும் ஒழுங்காக நடத்திய சோதனைகளை மட்டும் தனியே எடுத்தால் அந்த வித்தியாசம் நிற்கவில்லை.

தராசுமுள்

அந்த 0.88 கிலோவை அவங்களுக்கே சாதகமா எடுத்துக்கிட்டு விலை போட்டுப் பாப்போம்.

லேபிள் உண்மைன்னே வைங்க. ஒரு கேப்சூல்ல 750 மி.கி. சாறு, அதுல 60% = 450 மி.கி. எச்.சி.ஏ. சோதனையில கொடுத்த 1500ஐ எட்ட நாளைக்கு மூணே கால் கேப்சூலுக்குக் கொஞ்சம் மேல வேணும். 60 கேப்சூல் 18 நாள்தான் வரும். மாசத்துக்கு 1,332 ரூபாய், மூணு மாசத்துக்கு 3,996. நாலாயிரம் கொடுத்து முக்கால் கிலோ சொச்சம், அதுவும் நிச்சயமில்லை. டப்பா சொல்றபடி நாளைக்கு ரெண்டே கேப்சூல் போட்டா செலவு குறையும், ஆனா 900 மி.கி.தான் உள்ள போகும். சோதனை செஞ்ச அளவே இல்லாத அளவுக்கு சோதனை முடிவைக் காட்டி விக்கிறாங்க.

இன்னொரு கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி. 0.88 கிலோ = 6,776 கலோரி. 84 நாளுக்குப் பிரிச்சா நாளைக்கு 80. சமையல் எண்ணெய் ஒரு மில்லிக்கு 8 கலோரிக்கு மேல. ஆக ஒரு ஆளுக்கு நாளைக்கு 10 மில்லி, ரெண்டு டீஸ்பூன் எண்ணெய். தோசைக்கல்லுல சுத்தி ஊத்துறப்போ கை கொஞ்சம் இறுகினா முடிஞ்சுது.

நெல்லைச்சீமை

கணக்கு புரிந்தது. அப்போது "பத்து நாளில் 3 கிலோ குறைந்தது" என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் பொய்யா?

மருந்துப்பெட்டி

எல்லாரும் பொய் சொல்லலைங்க. தராசு காட்டினது நிஜமாவே இருக்கும், கொழுப்பு குறைஞ்சுதுங்கிறதுதான் தப்பு. சோறு, இனிப்பைக் குறைச்ச முதல் வாரத்துல கிளைகோஜன், அதாவது உடம்பு சேமிச்சு வச்ச மாவுச்சத்து, கரையும். ஒரு கிராம் கிளைகோஜனோட மூணு கிராம் தண்ணியாவது சேர்ந்து வெளியேறும். ஒண்ணு ரெண்டு கிலோ சட்டுனு இறங்கிடும். கேப்சூல் வாங்கினவங்க அன்னிக்கே சாப்பாட்டையும் குறைச்சிருப்பாங்க. நட்சத்திரம் போடச் சொல்லி மெயில் வர்றதும் அந்த வாரந்தான். மூணாவது மாசம் யாரும் வந்து எழுதுறதில்லை.

"ஸ்லிம்மிங் டீ" வகையறாவுல இதுக்கு வேற வழி: நிலாவாரை. உங்க ஊர்ப் பேரையே தாங்கி உலகம் பூரா "தின்னவேலி சென்னா"ன்னு போற சரக்குதான், நெல்லைச்சீமை. பேதி ஆனா எடை குறையத்தானே செய்யும்! குறையறது மலமும் தண்ணியும். வாரக்கணக்குல குடிச்சா பொட்டாசியம் இறங்கும், கை கால் சோர்ந்து நெஞ்சு படபடக்கும். வாங்குறதுக்கு முன்ன சேர்மானத்துல சென்னா, நிலாவாரை, சுவர்ணபத்ரி இந்தப் பேருங்க இருக்கான்னு பாருங்க. மூணும் ஒண்ணுதான்.

இந்த டப்பாவுல எனக்கு உறுத்துறது வேற ரெண்டு.

ஒண்ணு பைப்பரின். மிளகுச் சத்து, 5 மி.கி.தானேன்னு தோணும். அதைச் சேர்க்கிறதே மத்ததை ரத்தத்துல கூடுதலா ஏத்தத்தான். அதே வேலையை நீங்க ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரைக்கும் செய்யும். வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், பி.பி.க்கும் படபடப்புக்கும் கொடுக்கிற புரோப்ரனலால், இழுப்புக்குக் கொடுக்கிற தியோஃபிலின் எல்லாம் ரத்தத்துல கூடுறது தெரிஞ்ச விஷயம். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின், மன அழுத்த மாத்திரை சாப்பிடுறவங்க குடம்புளிச் சாறையே மருத்துவரைக் கேக்காம தொடக்கூடாது. கர்ப்பிணி, பால் கொடுக்கிறவங்க வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது ஈரல். 2009 மே மாசம் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஹைட்ராக்ஸிகட்ங்கிற எடை குறைப்புப் பொருட்களைச் சாப்பிடுறதை நிறுத்துங்கன்னு எச்சரிச்சுது. கடுமையான பாதிப்பு 23 பேருக்குன்னு அறிக்கை, ஒரு மரணம். அந்த வரிசையில சிலதுல குடம்புளிச் சாறும் இருந்துச்சு, பல சேர்மானம் கலந்ததால எது காரணம்னு அப்போ பிரிச்சுச் சொல்ல முடியல. 2022ல வந்த ஆய்வு ஒண்ணு குடம்புளி சேர்ந்த பொருள் எடுத்து ஈரல் கெட்ட 22 பேரை எடுத்துப் பாத்துச்சு. எச்.எல்.ஏ.-பி 35:01ங்கிற மரபு வகை அவங்கள்ல ரொம்பக் கூடுதலா இருந்துச்சு. கிரீன் டீ சாறால ஈரல் கெட்டவங்ககிட்டயும் அதே வகைதான். இந்த டப்பாவுல ரெண்டும் ஒண்ணா இருக்கு, கவனிச்சீங்களா? பிரான்ஸ் உணவுப் பாதுகாப்பு முகமை 2025ல குடம்புளி மாத்திரைகளைச் சாப்பிடாதீங்கன்னே சொல்லிடுச்சு.

எல்லாருக்கும் ஈரல் கெட்டுப்போகாது. யாருக்குக் கெடும்னு முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கிட்டு இருக்கவங்க: மூத்திரம் கட்டன் டீ நிறத்துல போனா, கண்ணு மஞ்சளிச்சா, காரணமில்லாம உடம்பு அரிச்சா, பசி சுத்தமா செத்தா அன்னிக்கே நிறுத்திட்டு எல்.எஃப்.டி., அதாவது ஈரல் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கிற ரத்தப் பரிசோதனை. டப்பாவையும் மருத்துவர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. "மாத்திரை ஏதும் சாப்பிடலை"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் இதை மாத்திரைக் கணக்குல சேர்க்கிறதே இல்லை.

சுக்குக்கஷாயம்

சரி, பயமுறுத்திட்டீங்க. ஆனா சில பிராண்டு சாப்பிட்ட ரெண்டாம் நாளே பசி போயிடுதுங்கிறாங்களே, அது தண்ணி எடை கதையில்லையே?

வேதிக்கூடம்

அதுதான் எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி. குடம்புளியால் இரண்டு நாளில் பசியை அடக்க முடியாது. அப்படி அடக்கினால் உள்ளே எழுதாத சரக்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மூலிகை என்று விற்ற எடை குறைப்புக் கேப்சூல்களில் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பிடிபட்டது சிபுட்ரமின் என்ற பசியடக்கி. ஒரு காலத்தில் முறையான மருந்தாக இருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்ததும் 2010ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் திரும்பப் பெற்றார்கள், 2011 பிப்ரவரியில் இந்தியா தடை செய்தது. வாய் வறட்சி, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, பி.பி. ஏற்றம், பசியே இல்லை: இவை சேர்ந்து வந்தால் கேப்சூலை நிறுத்தி, மிச்சத்தை எறியாமல் வையுங்கள், சோதனைக்கு உதவும்.

இன்னொன்று, கம்பெனி காட்டும் ஆய்வுச் சான்றில் "எச்.சி.ஏ. 60.4%" என்று இருந்தால் சிபுட்ரமின் இல்லை என்று ஆகிவிடாது. தேடினால்தான் கிடைக்கும். கலப்பட மருந்துக்கென்று தனியே சோதித்திருந்தால் மட்டும் அந்த வரி சான்றில் இருக்கும்.

சட்டப்புள்ளி

முத்திரைகளைப் பற்றிச் சொல்கிறேன். "எஃப்.டி.ஏ. அங்கீகாரம்" சுத்தப் பொய். அமெரிக்க எஃப்.டி.ஏ. சத்துமாத்திரைகளை விற்பனைக்கு முன் அங்கீகரிப்பதே இல்லை. ஜி.எம்.பி. என்பது தொழிற்சாலை சுத்தபத்தமாக, ஒழுங்கு முறைப்படி நடக்கிறது என்பதற்கு. மாத்திரை வேலை செய்யும் என்பதற்கு அல்ல.

14 இலக்க எண் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உடையது. முதல் இலக்கம் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் சின்ன வியாபாரிக்கான வெறும் பதிவு. அடுத்த இரண்டு மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 24. 00 என்றால் மத்திய லைசென்ஸ், உங்கள் டப்பா அந்த வகை. அதற்கடுத்த இரண்டும் ஆண்டு. அந்த ஆணையத்தின் ஃபோஸ்காஸ் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா, என்ன வகைப் பொருளுக்கு என்பது தெரியும். ஊறுகாய்க்கு வாங்கிய எண்ணைக் கேப்சூல் டப்பாவில் அச்சடித்தால் அங்கே பிடிபடும். விற்பவர் எண் மட்டும் போதாது, தயாரித்தவர் எண்ணையும் பாருங்கள். "மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல" என்ற வாசகமும் டப்பாவில் இருந்தாக வேண்டும்.

இந்த எண் இல்லாமல் ஆயுர்வேத, சித்த மருந்து லைசென்ஸ் எண் இருந்தால் அது மருந்துச் சட்டத்தின் கீழ் வரும். அங்கே 1954ஆம் ஆண்டு மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டம் பாயும். அதன் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது, குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம். "பருமன் குணமாகும்" என்று எழுதாமல் "எடை மேலாண்மைக்குத் துணை" என்று ஏன் வழுக்குகிறார்கள் என்பது இப்போது புரியும்.

நெல்லைச்சீமை

பேட்ச் எண்ணைக் கொடுத்து ஆய்வுச் சான்று கேட்டு மெயில் போட்டதில் ஒரு பக்கம் வந்திருக்கிறது. விவரம்: மாதிரியின் பெயர் "கார்சீனியா சாறுத் தூள்". பேட்ச் எண் டப்பாவில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை. எச்.சி.ஏ. 60.8%, முறை: டைட்ரேஷன். ஈரப்பதம், நிறம், நுண்ணுயிர் எண்ணிக்கை உண்டு. கீழே "மாதிரி வாடிக்கையாளரால் வழங்கப்பட்டது".

வேதிக்கூடம்

வரிசையாகப் பார்க்கலாம். இது கேப்சூலின் சான்று அல்ல, மூலப்பொருள் தூளின் சான்று. அந்தத் தூளைக் கேப்சூலில் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு இது சாட்சி சொல்லாது. பேட்ச் எண் ஒத்துப்போகாததால் உங்கள் கையில் இருக்கும் டப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முறை டைட்ரேஷன் என்பது அடுத்த ஓட்டை. அதாவது காரம் சேர்த்து மொத்தப் புளிப்பை அளப்பது. சிட்ரிக் அமிலம் கலந்திருந்தாலும் எச்.சி.ஏ. கணக்கில் ஏறிவிடும். எச்.சி.ஏ. வைத்திருக்க வைத்திருக்க லாக்டோன் என்ற வேறு வடிவத்துக்கு மாறும், அது அந்த நொதியை அப்படித் தடுக்காது, அதையும் சேர்த்து எண்ணிவிடும். எச்.பி.எல்.சி. என்ற கருவி முறையில்தான் தனித்தனியே பிரித்துக் காட்ட முடியும். எச்.சி.ஏ.வின் எந்த உப்பு என்றும் இல்லை. கால்சியம் உப்பு தண்ணீரில் சரியாகக் கரையாது, பொட்டாசியம் உப்பு கரையும். லேபிளிலேயே போட வேண்டிய செய்தி.

ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் நான்கும் காணோம். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகார எண் இருக்கிறதா? இருந்தாலும் "வாடிக்கையாளர் வழங்கியது" என்றால் அவர்கள் கொடுத்த பொட்டலத்துக்கு மட்டுமே பொறுப்பு.

மருந்துப்பெட்டி

ஏதாவது வாங்கியே ஆகணும்னு கேக்கிறவங்களுக்கு. குளுக்கோமன்னான் நார்ச்சத்துக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒத்துக்கிட்ட அளவு நாளைக்கு 3 கிராம், ஒரு கிராம் வீதம் மூணு வேளை, சாப்பாட்டுக்கு முன்ன, ஒண்ணு ரெண்டு டம்ளர் தண்ணியோட. சாப்பாட்டைக் குறைச்சிருந்தாதான் பலன். 500 மி.கி. கேப்சூல்னா நாளைக்கு ஆறு. "ஒண்ணு போதும்"னு விக்கிறது ஏமாத்து. தண்ணி கம்மியா குடிச்சா தொண்டையிலயே உப்பி அடைச்சுக்கும், விழுங்கச் சிரமப்படுறவங்க எடுக்கவே கூடாது, படுக்கப்போற நேரத்துல யாருமே எடுக்கக் கூடாது.

ஆர்லிஸ்டாட் சத்துமாத்திரை இல்லை, எடை குறைக்கிறதுக்கான மருந்து. நாலு வருஷம் நடந்த பெரிய சோதனையில ஆர்லிஸ்டாட் பக்கம் 5.8 கிலோ, போலி மாத்திரை பக்கம் 3.0 கிலோ. முறையான மருந்துக்கே நாலு வருஷத்துல 2.8 கிலோதான் வித்தியாசம்னா, 799 ரூபா டப்பா ஏதாவது "மாசம் 8 கிலோ"ங்கிறப்போ என்ன நினைக்கிறதுன்னு நீங்களே பாத்துக்குங்க.

சட்டப்புள்ளி

சீல் உடைக்கவில்லை என்றால் இன்றே திருப்பி அனுப்புங்கள். உடைத்தால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். அதற்கு முன் டப்பாவின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள்: நிகர எடை, சேர்மானப் பட்டியல், பேட்ச் எண் மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். 42 கிராமில் 54 கிராம் சரக்கு இருப்பதாக எழுதியது அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிற தவறு (1805 மி.கி. × 30 வேளை). ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் தவறான லேபிள் என்று போடலாம், பணம் திரும்ப வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் கோப்பு தூங்கும். எடைக் கணக்கை எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

சுக்குக்கஷாயம்

வேதிக்கூடம், மீன்குழம்புக்கு வர்றேன்னீங்க, வரவே இல்லையே.

வேதிக்கூடம்

மறந்தே போனேன். காய்ந்த குடம்புளித் தோலில் இந்த அமிலம் 10 முதல் 30 சதம் வரை இருக்கும். நாலு பேர் குழம்புக்கு இரண்டு மூன்று சுளை, ஏறக்குறைய 10 கிராம் என்று வையுங்கள். முழுவதும் குழம்பில் இறங்கினால் 1 முதல் 3 கிராம், ஆளுக்கு 250 முதல் 750 மி.கி. முழுவதும் இறங்காது, கொதியில் கொஞ்சம் லாக்டோனாகவும் போகும். ஆனாலும் டப்பா சொல்லும் ஒரு கேப்சூலின் 450 மி.கி.க்கு வெகு தூரமில்லை. என்ன, குழம்பு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள். கேப்சூல் நாள் தவறாமல் இரண்டு வேளை, கூடவே கிரீன் டீ சாறும் பைப்பரினும்.

தராசுமுள்

மீன்குழம்பு சாப்பிட்டு இளைச்சவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. அன்னிக்கு ஒரு கரண்டி சோறு கூடத்தான் இறங்கும்.